அலைமேல் நிற்க எந்தப் பலகை?



கடற்கரை என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு நினைவுக்கு வருவன போர்ட்டிக்சனும் மோரிப்பும்தாம். ஆண்டுக்கு ஒருமுறை பேருந்தை வாடகைக்கு அமர்த்தி, புளிச்சோறும் பொரித்த கோழியும் கட்டிக்கொண்டு போய், பிள்ளைகளை முழங்காலளவு நீரில் இறக்கிவிட்டு, "அதுக்கு மேல போகாதே!" என்று கரையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பது நம் வழக்கம். அந்தக் குரலில் நியாயம் உண்டு. ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

ஆனால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் இப்போது கிழக்குக்கரை மாநிலங்களின் தங்கும் விடுதிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே நீண்ட பலகை ஒன்றின்மேல் நிமிர்ந்து நின்று, கையில் ஒற்றைத் துடுப்புடன் அலையேறி வருவோரைக் காண்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும், "சார், நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். பெற்றோரோ, "இந்த வம்பு நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். இவ்விரு தரப்பாருக்கும் பயன்படும் வகையிலேயே இன்றைய பேச்சை அமைத்திருக்கிறோம்.

முதலில் இந்தப் பலகை எது என்று பார்த்துவிடுவோம். அலைச்சறுக்கு விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதில் ஆடுபவர் பலகையின்மேல் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் நீரைத் தள்ளிக்கொண்டு போய், அலை வந்து தூக்கும்போது சட்டென்று எழுந்து நிற்கிறார். நாம் பேசப்போகும் பலகையில் தொடக்கத்திலிருந்தே நிற்கவேண்டும். ஆள் உயரத்துக்கும் சற்று மேலான துடுப்பால் வலித்துக்கொண்டு போகவேண்டும். ஆங்கிலத்தில் இதை ஸ்டேண்ட்-அப் பேடல் போர்டு என்பார்கள். நாம் துடுப்புப் பலகை என்றே சொல்லிக்கொள்வோம். நின்றபடியே போவதால் தொலைவில் வரும் அலையும் முன்கூட்டியே கண்ணில் படுகிறது. அலை எழுந்ததும் தாவி நிற்கவேண்டிய வேலையும் இல்லை. ஆகவே, உடல் வளைவு குறைந்துவிட்ட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் இதைப் பழகுகிறார்கள்.

இதன் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள். அலைச்சறுக்கே அத்தீவு மக்களின் பழைய கலைதான். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு என்ற ஹவாய்க்காரர் அதைப் பல நாடுகளுக்கும் அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வைக்கீக்கி கடற்கரையில் சுற்றுப்பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், பெரிய பலகைகளில் நின்றுகொண்டு, தோணித் துடுப்பால் வலித்தபடி தங்கள் மாணவர்களைக் கவனித்து வந்தார்கள். பிறகு 1990களில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற பெயர்பெற்ற வீரர்கள் நீண்ட துடுப்புடன் இதைப் புதுப்பித்தார்கள். அதற்குப் பின்னரே உலகெங்கும் பரவியது.

இங்கே ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அந்தக் கரையோரங்களில், மீனவர்கள் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்துப் பேரலைகளைக் கடந்துபோய் வந்தார்கள். அந்தக் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆயிற்று. இதனால் ஹவாய்க்காரர்களின் விளையாட்டு நம்முடையது ஆகிவிடாது. நின்றபடி அலையைக் கடப்பது தமிழனுக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்லலாம்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. நல்ல துடுப்புப் பலகை ஒன்றுக்கும் துடுப்புக்கும் சேர்த்துக் கொடுக்கும் பணம் இந்தத் தொகையையும் தாண்டிவிடலாம். எனவே, கடைக்குள் நுழையுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்கவேண்டும். உங்களுக்கு நீந்தத் தெரியுமா? எந்த நீரில் போகப்போகிறீர்கள்? நீந்தத் தெரியாதவருக்கு நம்முடைய பதில் ஒன்றே ஒன்று. பலகைக்காகச் சேர்த்த பணத்தை முதலில் நீச்சல் பழகச் செலவிடுங்கள். பலகை மிதக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பழகுபவன் பலகையின்மேல் நிற்கும் நேரத்தைவிட அதிலிருந்து விழும் நேரமே அதிகம்.

நீந்தத் தெரிந்தவரும் உடனே வாங்கவேண்டாம். கடற்கரையில் வாடகைக்குக் கொடுப்பவரிடம் இரண்டு மூன்று முறை, வெவ்வேறு அளவுள்ள பலகைகளை எடுத்து ஏறிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். எதில் கால் நடுங்காமல் நின்றீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். கடைக்காரர் சொல்லும் ஆயிரம் வார்த்தைகளைவிட அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.

பலகையில் அச்சிட்டிருக்கும் அளவுகள் நான்கு: நீளம், அகலம், கனம், கொள்ளளவு. முதல் மூன்றும் அடியிலும் அங்குலத்திலும் இருக்கும். நான்காவது லிட்டரில் இருக்கும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் நீளத்தைப் பார்க்கிறார்கள், பிறகு நிறத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது அந்த லிட்டர்க் கணக்கைத்தான். பலகைக்கு எதற்கு லிட்டர், அது என்ன எண்ணெய்ப் புட்டியா என்று கேட்கத் தோன்றும். அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

ஒரு பொருள் நீரில் மிதக்கும்போது, தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஆர்க்கிமிடீசு என்ற கிரேக்க அறிஞர் கண்ட உண்மை இது. தொடக்கப்பள்ளியில் வாளி நீரில் குவளையை அமிழ்த்தி இதைக் காட்டுவோம். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோ. கடல்நீரில் உப்பு இருப்பதால் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய 1.025 கிலோ. இப்போது 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞன், 10 கிலோ எடையுள்ள பலகையின்மேல் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 70 கிலோ. இதைத் தாங்கக் கடலில் ஏறக்குறைய 68 லிட்டர் நீரைத் தள்ளவேண்டும். பலகையின் கொள்ளளவும் 68 லிட்டராகவே இருந்தால் அது முழுதும் அமிழ்ந்து, மேற்பரப்பு நீர்மட்டத்தோடு நிற்கும். சிறு அலை வந்தாலும் கணுக்கால்வரை தண்ணீர் ஏறும். அப்படி நிற்பது நெடுநாள் பழகியவர்களுக்குத்தான் முடியும். பலகை 120 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருந்தால், 68 லிட்டர் நீருக்குள்ளும் 52 லிட்டர் நீருக்கு மேலும் இருக்கும். அந்த 52 லிட்டர்தான் தடுமாறும்போது கைகொடுக்கும் மிச்சம்.

அதே பலகையில் 85 கிலோ எடையுள்ள தந்தை ஏறுகிறார். பலகையோடு சேர்த்து 95 கிலோ. ஏறக்குறைய 93 லிட்டர் அமிழ்ந்துபோகும். மிச்சம் 27 லிட்டர்தான். மகனுக்குத் திண்ணைபோல இருந்த பலகை தந்தைக்கு வாழைத்தண்டுபோல உருளும். இதில் தந்தைக்குத் திறமை இல்லை என்று சொல்லமுடியாது. பலகை அவருக்குரியது அல்ல, அவ்வளவே. ஆகவே, பழகியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடக்கநிலையில் உள்ளவர், தம் எடை எத்தனை கிலோவோ அதைப்போல் இருமடங்கு லிட்டர் கொள்ளளவு உள்ள பலகையைத் தேடவேண்டும். 60 கிலோவுக்கு 120 லிட்டர், 85 கிலோவுக்கு 170 லிட்டர். முதல் பலகையில் ஒன்றரை மடங்குக்குக் கீழே இறங்குவது வீண். கடைக்குப் போகுமுன் மருந்தகத்திலோ எங்கேயாவதோ எடை பார்த்துவிட்டுப் போங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் கடல் ஒத்துக்கொள்ளாது.

அப்படியானால் எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் நல்லதுதானா என்றால், அதுவும் இல்லை. மெலிந்த உடலுள்ளவர் 220 லிட்டர் பலகையை வாங்கினால், அதைக் காற்று தள்ளும், அலை தள்ளும், அவர் சொல்படி மட்டும் அது திரும்பாது.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இரண்டாங்கைப் பலகை ஒன்றை மலிவாக வாங்கிவந்தார். மெல்லியது, கூர்மையானது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம். விற்றவர் அந்தப் பலகையில் அலைமேல் சுழன்று சுழன்று ஆடியதைப் பார்த்து மயங்கி வாங்கியது. அந்த மனிதருக்கோ எட்டு ஆண்டுப் பழக்கம். நம்மவர் மூன்று வாரம் முயன்றார். மண்டியிட்டு இருக்க முடிந்தது, எழுந்து நிற்க முடியவில்லை. "எனக்கு இது வராது சார்" என்று விட்டுவிட்டார். இப்போது அவருடைய தாயார் அந்தப் பலகையை இரண்டு முக்காலிகளின்மேல் வைத்து வடகம் காயப்போடுகிறார். வடகம் நன்றாகத்தான் காய்கிறது. ஆனால் அந்த இளைஞருக்கு வராத விளையாட்டு என்று எதுவும் இல்லை. பந்தாட்டத்தில் தோட்டத்துக்கே பெயர் வாங்கித் தந்தவர். அவருடைய எடைக்கேற்ற பலகையில் முதல் நாளே நின்றிருப்பார் என்பது நம் கருத்து.

கொள்ளளவுக்கு அடுத்தது அகலம். மிதக்கும் மரக்கட்டையில் நிற்பதற்கும் தோணியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அகலத்தால் வருவது. இதில் ஒரு வியப்பு உண்டு. அகலம் சற்றே கூடினாலும் உறுதி வெகுவாகக் கூடிவிடும். ஒரே நீளமும் வடிவமும் உள்ள இரண்டு பலகைகளில் ஒன்று 28 அங்குலமும் மற்றது 32 அங்குலமும் இருந்தால், அகல வேறுபாடு ஏழில் ஒரு பங்குதான். ஆனால் பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. முதல் பலகைக்கு 30 முதல் 32 அங்குலம், அதாவது 76 முதல் 81 சென்டிமீட்டர் பொருத்தமானது. எடை கூடியவர்கள் இன்னும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கை நீளத்தையும் பாருங்கள். பலகையின் நடுவில் கைப்பிடிக் குழி இருக்கும். பலகையை அக்குளில் இடுக்கினால் விரல்கள் அந்தக் குழியை எட்டவேண்டும். கடையிலேயே தூக்கிக்கொண்டு ஐம்பது அடி நடந்து பாருங்கள். காண்டா வாளி சுமந்த தோளுக்கு 10 கிலோ பெரிதல்ல. ஆயினும் காற்றடிக்கும் கடற்கரையில் அகலமான பலகை பாய்மரம்போல ஆளையே திருப்பிவிடும்.

நீளத்தைப் பொறுத்தமட்டில், அலையில் பழக விரும்புபவருக்கு ஒன்பதரை அடி முதல் பத்தரை அடி வரை போதும். பத்தடி நீளமும் 32 அங்குல அகலமும் நாலரை அங்குலக் கனமும் உள்ள பலகை பெரும்பாலும் 160 முதல் 180 லிட்டர் வரை இருக்கும். பன்னிரண்டு அடிக்கு மேற்பட்டு, மூக்குப் பக்கம் படகுபோல் கூராக இருக்கும் பலகைகளையும் கடையில் காண்பீர்கள். அவை ஏரியிலும் அமைதியான கடலிலும் நெடுந்தூரம் நேராகப் போவதற்கென்று செய்தவை. அலையில் இறக்கினால் மூக்கை நீருக்குள் குத்திக்கொண்டு ஆளைத் தலைகீழாக எறிந்துவிடும். அலைக்குரிய பலகையின் மூக்கு வட்டமாக இருக்கும். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் முன்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுதான் அலை தள்ளும்போது மூக்கு அமிழாமல் காப்பது.

இனி, பலகை எதனால் செய்யப்பட்டது என்பது. கடையில் மூன்று வகை இருக்கும். முதல் வகை கெட்டிப் பலகை. உள்ளே வெண்ணிற நுரைக்கட்டி, வெளியே கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்சிப் பசையும். இது அலையில் மிக நன்றாக ஓடும். விலை கூடும், மோதினால் விரிசல் விடும். இரண்டாவது, மேற்பரப்பில் மெத்தென்ற நுரைத்தோல் போர்த்திய பலகை. பழகுபவரின் முழங்காலுக்கும், அருகில் குளிப்பவரின் தலைக்கும் இதுவே பாதுகாப்பு. மூன்றாவது காற்றடைக்கும் பலகை. மேல்தாளையும் கீழ்த்தாளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இணைத்துப் பிடித்திருப்பதால், காற்றடைத்ததும் மிதவை வளையம்போல் உருண்டுவிடாமல் தட்டையாக நிற்கும். கைப்பம்பால் பெரும்பாலும் 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் ஏற்றவேண்டும். பத்து நிமிடம் வியர்க்கும்.

தோட்டத்து வீட்டில் பத்தடிப் பலகையை எங்கே வைப்பது, மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விக்குக் காற்றடைக்கும் பலகையே விடையாகத் தோன்றும். சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். அமைதியான நீருக்கு அதையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வோம். ஆனால் அலையேறுவதுதான் நோக்கமென்றால் அதன் குறையையும் தெரிந்துகொள்ளவேண்டும். அதன் ஓரங்கள் தடித்து உருண்டிருப்பதால் அலையின் சரிவைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். ஆளின் எடையில் நடுவே சற்று வளையும். முழங்கால் உயர அலைகளுக்குப் போதும், அதற்குமேல் மனம் நிறையாது. கிழக்குக்கரையிலேயே வேலையும் தங்குமிடமும் உள்ள இளைஞர், பலகையை அங்கேயே வைத்துக்கொள்ள இடமிருந்தால், நுரைத்தோல் போர்த்தியதையோ கெட்டிப் பலகையையோ வாங்குவதே மேல்.

இரண்டாங்கைப் பலகை வாங்குவதில் தவறில்லை. நம் கையிலுள்ள பணத்துக்கு அதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஆனால் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்கவேண்டும். கெட்டிப் பலகையைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, கட்டைவிரலால் மேற்பரப்பு முழுதும், முக்கியமாகக் கால் வைக்கும் இடத்தில், அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே நுரை விட்டுப்போயிருக்கிறது. மஞ்சளோ பழுப்போ படர்ந்த இடத்தில் நீர் ஊறியிருக்கலாம். அடிச்சிறகு பொருந்தும் குழியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், பல பலகைகள் அங்கேதான் நீர் குடிக்கின்றன. எடைத்தராசு கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள். செய்தவர்கள் குறித்திருக்கும் எடையைவிட இரண்டு கிலோ கூடினால் அந்த இரண்டு கிலோவும் கடல்நீராக இருக்கக்கூடும்.

காற்றடைக்கும் பலகையானால், முழு அழுத்தம் ஏற்றி ஒரு நாள் நிழலில் விட்டுவைக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்தி ஓட்டை கண்டுபிடிக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதானே. பலகை தொட்டியில் அடங்காது. ஆகவே, சவர்க்கார நீரை ஓரத்து ஒட்டுகளிலும் காற்றுத் திறப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். திறப்பில் கசிவு இருந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம் அல்லது மாற்றலாம். ஓரத்து ஒட்டு நெடுகப் பிரிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பலகையின் அடியில், வால் பக்கத்தில், மீன் செதில்போல நீட்டிக்கொண்டிருப்பது அடிச்சிறகு. நடுவில் பெரிதாக ஒன்றும் இருபுறமும் சிறிதாக ஒவ்வொன்றும் உள்ள அமைப்பு தொடங்குபவருக்குப் போதுமானது. மேற்கொண்டு அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

துடுப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நீளமாக இருந்தால் நல்லது என்று எண்ணித் தலைக்குமேல் ஒரு முழம் நீண்டதை வாங்கிவிட்டு, மாலையில் தோள்வலியோடு வருகிறார்கள். அலையில் போவோருக்குத் தம் உயரத்துக்குமேல் ஆறு முதல் எட்டு அங்குலம் போதும். அமைதியான நீரில் நெடுந்தூரம் போவோர் இன்னும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு, அலைக்கு ஆறடி அல்லது அதற்குச் சற்றே கூடிய துடுப்பு. அண்ணனும் தங்கையும் ஒரே பலகையை மாறிமாறிப் பயன்படுத்துவதானால் நீட்டிக் குறுக்கும் துடுப்பே சரி. அலுமினியத் துடுப்பு மலிவு, ஆனால் கனமானது. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கழியைக் காலை முதல் தூக்கியவர்களுக்குக் கழியின் கனத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இயன்றால் கண்ணாடி இழைத் துடுப்பாக வாங்குங்கள். இன்னொன்று: துடுப்பின் தட்டையான பகுதி தண்டிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்னோக்கி இருக்கும்படி பிடிக்கவேண்டும். நீரை அள்ளுவதற்கு அதைத் திருப்பிப் பிடிப்பதே சரியென்று கண்ணுக்குத் தோன்றும். புதியவர்கள் பத்துப் பேரில் பாதிப் பேர் அப்படித்தான் பிடிப்பார்கள்.

காற்கயிற்றை இனாமாகக் கொடுத்தால் அதை நன்றாகச் சோதியுங்கள். ஒருமுனை பலகையிலும் மறுமுனை கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ கட்டப்படும் இந்தக் கயிறுதான், விழுந்தவனையும் பலகையையும் பிரியாமல் வைப்பது. ஆளில்லாத பலகையைக் காற்று அடித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு நல்ல நீச்சல்காரனாலும் ஈடுகொடுக்க முடியாது. பின்னால் குளிப்பவர்களின்மேல் அது மோதினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அலைக்குச் சுருள்கயிறு வேண்டாம், இழுபட்டுத் திரும்பிவந்து காலில் அடிக்கும். பலகையின் நீளத்துக்குச் சமமான நேர்க்கயிறே வேண்டும். ஓடும் ஆற்றில் போவதானால் கதை வேறு. அங்கே கணுக்கால் கயிறு மூழ்கிய மரக்கிளையில் சிக்கினால் நீரோட்டம் ஆளை அமுக்கிவிடும். ஆதலால் ஆற்றில், இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றிவிடக்கூடிய வாரையே பயன்படுத்துகிறார்கள். மிதவைச் சட்டையையும் பலகையோடு சேர்த்தே வாங்குங்கள். அதற்குப் பணம் மிஞ்சாவிட்டால் பலகையை அடுத்த மாதம் வாங்கலாம்.

எந்த நீரில் போகப்போகிறீர்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. போர்ட்டிக்சன், மோரிப் முதலிய மேற்குக்கரை ஊர்கள் மலாக்கா நீரிணையைப் பார்த்தவை. எதிரே சுமத்திரா இருப்பதால் பெரிய அலைகள் அங்கே வருவதில்லை. நிற்கவும் துடுப்பு வலிக்கவும் பழக அது நல்ல இடம், அலையேற அல்ல. அலை வேண்டுமானால் தென்சீனக் கடலைப் பார்த்த கிழக்குக்கரைக்குப் போகவேண்டும். நம் நாட்டில் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்றது பகாங் மாநிலத்தில், குவாந்தானுக்கு வடக்கே உள்ள செராட்டிங். மணற்பாங்கான கரை. ஜொகூரில் தெசாரு பக்கமும், தியோமான் தீவின் ஜுவாராவிலும் அலையேறுவார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையே அங்கெல்லாம் அலை. மற்ற மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதி.

இதிலே பெற்றோர் புரிந்துகொள்ளவேண்டிய செய்தி இருக்கிறது. அலை விளையாட்டுக்கு உகந்த பருவமும், வெள்ளமும் புயற்காற்றும் வந்து மீனவர்களே கடலுக்குப் போகாமல் இருக்கும் பருவமும் ஒன்றேதான். எனவே, முதல் பலகை வாங்கியவர் பருவம் தொடங்கும் நவம்பரில் அலைக்குப் போகத் துடிப்பதைவிட, அதற்கு முன்னுள்ள அமைதியான மாதங்களில் தட்டை நீரில் நின்று, விழுந்து, மறுபடி ஏறிப் பழகவேண்டும். ஆழமான நீரில் விழுந்து, யார் துணையும் இல்லாமல் பத்து முறை பலகையில் ஏற முடிந்தால், பிறகு முழங்கால் உயர அலைக்குப் போகலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் கடல் கொந்தளிக்கும் நாட்களை அனுபவம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

காற்றின் திசையையும் பார்க்கவேண்டும். நிற்கும் ஆளே ஒரு பாய் என்பதை மறக்கக்கூடாது. கரையோரச் சவுக்கு மரங்களும் தென்னங்கீற்றுகளும் கடலை நோக்கி வளைந்தால், காற்று நிலத்திலிருந்து வீசுகிறது. அந்த நேரத்தில் கரையருகே கடல் கண்ணாடிபோல் அழகாகத் தோன்றும். அந்த அழகை நம்பிப் போனவர்கள் திரும்பும்போது எதிர்க்காற்றில் அகப்பட்டுக்கொள்வார்கள். அப்படி அகப்பட்டால் நின்று போராடவேண்டாம். உடனே பலகையில் குப்புறப் படுத்து, துடுப்பை மார்பின்கீழ் வைத்துக்கொண்டு, கைகளால் வலித்து வரவேண்டும். காற்றுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இராது. கடலுள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், கரையை நேராக நோக்கி வலிக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சிறிது தூரம் போய், இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். எந்நிலையிலும் பலகையைக் கைவிட்டு நீந்தவேண்டாம். 120 லிட்டர் மிதவை உங்கள் காலில் கட்டியிருக்கிறது. தேடிவருபவரின் கண்ணுக்கும் தலையைவிடப் பலகைதான் முதலில் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அடர்ந்த நீலமும் பச்சையும் தவிர்த்து மஞ்சளோ ஆரஞ்சோ நிறமுள்ள பலகையை நாம் விரும்புவோம்.

வீட்டுக்கு வந்ததும் பலகையையும் துடுப்பையும் கயிற்றையும் நன்னீரில் கழுவி நிழலில் வையுங்கள். தகரக் கூரையின்கீழ் ஒட்டினாற்போல் சொருகிவைத்தால் வெயிலின் சூட்டில் கெட்டிப் பலகையின் உள்ளிருக்கும் காற்று விரிந்து மேல்தோல் கொப்புளிக்கும். காற்றடைத்ததை வெயிலில் விட்டுப்போனால் அழுத்தம் ஏறி ஒட்டு பிரியும். ஆகவே, கரையேறியதும் சிறிது காற்றைத் திறந்துவிட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன், காற்கயிற்றைப் பலகையோடு இணைக்கும் அந்தச் சிறு நூற்கயிற்றை இழுத்துப் பாருங்கள். அது ஒரு சாண் நீளமும் இல்லாத பொருள், நைந்துபோனால் ஒன்றிரண்டு வெள்ளியில் புதிது மாற்றிக்கொள்ளலாம்.